கடல்குதிரைக்கு நோய் வந்தால்: மருந்துப் போத்தலைத் திறப்பதற்கு முன்



அலங்கார மீன் வளர்ப்பைப் பற்றி இப்பத்தியில் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி கடல்குதிரையைப் பற்றியவை. "நானா, ஒரு சோடி என்ன விலைக்குப் போகும்?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். விலையைச் சொல்வதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "தம்பி, அதற்குச் சுகமில்லை என்பது உமக்கு எப்படித் தெரியவரும்?" கிண்ணியாவிலிருந்து பேசிய ஒரு தம்பி, "செத்தால்தான் நானா தெரியும்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கடல்குதிரையில் கைவைத்து நட்டப்பட்ட எல்லோருடைய கதையும் அதுதான். என் கதையும் அதுதான். ஆகவே இந்த வாரம் விலையை விட்டுவிட்டு நோயைப் பற்றி எழுதுகிறேன்.

ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்தைப் பார்த்து இறங்கும் சரிவில், ஒரு பழைய வீட்டின் பின்கொட்டிலை வாடகைக்கு எடுத்து எட்டுக் கண்ணாடித் தொட்டிகளை வைத்திருந்தேன். எனது பிரதான வியாபாரம் வேறு. இது பக்கத் தொழில். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த 30 கடல்குதிரைகளை ஒரு பண்ணையிலிருந்து வாங்கினேன். 'குடா' என்று அழைக்கப்படும் இனம். நமது கடலிலும் உள்ள இனந்தான். வந்த அன்றே, ஏற்கெனவே மீன் இருந்த தொட்டிகளில் பிரித்து விட்டுவிட்டேன். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். காற்றுப் பம்ப்புகள் நின்றன. தகரக் கூரையின் கீழ் தண்ணீர் சூடாகியது. இரண்டு குதிரைகளின் வால் நுனி வெளுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பாமஸிக்குப் போய் ரெட்ராசைக்கிளின் குளிசைகள் வாங்கி, உடைத்து, தூளைப் பெரிய தொட்டிகளிலேயே கொட்டினேன். தண்ணீர் மண்ணிறமாகி நுரைத்தது. மூன்று வாரத்துக்குள் 30இல் 19 போய்விட்டன. நோயால் செத்தவை எத்தனை, என் மருந்தால் செத்தவை எத்தனை என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். பாடசாலைப் படிப்போடு நின்றவன் நான். மிருக வைத்தியர் ஒருவரிடமும் இத்தொழிலில் உள்ள இரண்டு மூன்று பேரிடமும் கேட்டும், கிடைத்ததை வாசித்தும் அறிந்ததையே கீழே தருகிறேன்.

முதலில் உடம்பு

கடல்குதிரை மீன் இனந்தான். ஆனால் மற்ற மீனைப்போல் செதில் கிடையாது. எலும்பு வளையங்களின் மேல் மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோலில் ஒரு சிராய்ப்பு ஏற்பட்டாலே கிருமிக்கு வாசல் திறந்துவிடும். பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. தின்ற இறால் குடல் வழியாக விரைவாகப் போய்விடுவதால் அது நாள் முழுக்கத் தின்றுகொண்டிருக்க வேண்டிய பிராணி. ஒரு கெளிறு மீன் நான்கு நாள் தின்னாவிட்டால் நாம் கவலைப்படுவதில்லை. கடல்குதிரை நான்கு நாள் தின்னாவிட்டால் மீட்பது கடினம். நோய் பாதியைக் கொல்லும், பட்டினி மீதியைக் கொல்லும். இன்னொன்று, அதன் செவுள் மற்ற மீன்களில்போல் சீப்பு வடிவில் இல்லாமல் சிறு கொத்துகளாக இருக்கிறது. ஒட்டுண்ணி செவுளில் ஏறினால் மூச்சு உடனே திணறும். வயிற்றுப் பை ஆணுக்கு. பெண் இடும் முட்டைகளை ஆண்தான் அந்தப் பையில் சுமந்து குஞ்சு பொரிக்கிறது. அல்லாஹ்வின் படைப்பில் இது ஓர் அற்புதம்தான். ஆனால் வளர்ப்பவனுக்கு அந்தப் பையே தனி நோய்க்கும் இடமாகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காலையில் பத்து நிமிடம்

கடையைத் திறக்க முன் நான் கொட்டிலுக்குப் போவேன். விளக்கைப் போட்டவுடன் உணவு போடுவதில்லை. ஒரு கதிரையில் இருந்து பத்து நிமிடம் பார்ப்பேன். நோயைக் கண்டுபிடிப்பதில் முக்கால்வாசி இந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது என்பது என் அனுபவம்.

சுகமான குதிரை வாலால் எதையாவது பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நிற்கும். இரண்டு கண்ணும் தனித்தனியே சுழலும். இறாலைப் போட்டால் தலையை வளைத்துக் குறி பார்த்து 'டிக்' என்று உறிஞ்சும். தொட்டி அமைதியாக இருந்தால் அந்தச் சத்தம் வெளியே கேட்கும். குறி பார்க்கிறது, ஆனால் உறிஞ்சுவதில் வேகமில்லை, இறால் தப்பிப் போகிறது என்றால் மூக்கிலோ தாடையிலோ கோளாறு இருக்கலாம். மூக்கு நுனி வெளுத்தோ வீங்கியோ அரித்தோ இருக்கிறதா என்று கைவிளக்கால் பாருங்கள். இது முற்றினால் வாயே திறக்காது.

உணவு இல்லாத நேரத்தில் 'டிக் டிக்' என்று வெறும் தண்ணீரை உறிஞ்சுவதும், வாலால் செவுளைச் சொறிவதும், மூச்சு வேகமாவதும் செவுளில் ஏதோ உறுத்துகிறது என்பதன் அடையாளம். வாலைப் பிடிக்காமல் தரையில் கிடப்பது பலவீனம். மேலே மிதப்பது, தலைகீழாகத் தொங்குவது ஆகியவை காற்றுக் கோளாறு. நிறம் கறுப்பது மட்டும் நோயல்ல. அவை தாமாகவே நிறம் மாற்றும். ஆனால் கறுத்து, மூலையில் ஒதுங்கி, தின்னாமலும் இருந்தால் யோசிக்க வேண்டும். எச்சம் வெள்ளை நூல்போல் வந்தால் குடலில் புழுவோ வேறு ஒட்டுண்ணியோ இருக்கலாம், அல்லது வயிறு வெறுமையாக இருக்கலாம்.

இவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். திகதி, தொட்டி எண், தின்ற அளவு, வெப்பம், உப்பு. கடைக் கணக்கை எழுதும் நாம் இதை எழுதுவதற்குச் சோம்பல்படுகிறோம். மிருக வைத்தியர் என்னிடம் முதலில் கேட்டது கொப்பியைத்தான். அன்று என்னிடம் அது இருக்கவில்லை.

குதிரைக்கு முன் தண்ணீர்

ஒரு குதிரை சோர்ந்தால் மருந்தைத் தேட முன் தண்ணீரைச் சோதியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குதிரைகள் ஒரே நாளில் மூச்சு வாங்கினால் அது பெரும்பாலும் தொற்று நோயல்ல, தண்ணீர்தான். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். சோதனைப் பெட்டி இப்போது அலங்கார மீன் கடைகளில் கிடைக்கிறது. ரெட்ராசைக்கிளின் கொட்டிய கதையில் நடந்தது இதுதான். வடிகட்டியில் அமோனியாவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும் நல்ல பற்றீரியாக்கள் வாழ்கின்றன. நான் போட்ட மருந்து கெட்ட கிருமியோடு அவற்றையும் கெடுத்தது. போதாக்குறைக்கு, கடல்நீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் ரெட்ராசைக்கிளினைக் கட்டிப்போடுவதால் குதிரையின் உடலுக்குள் போனது அற்பமே. காசு கொடுத்து வாங்கிய மருந்து செய்ய வேண்டியதைச் செய்யாமல், செய்யக்கூடாததைச் செய்தது.

திருகோணமலைக்காரருக்கு இன்னொரு விஷயம். உள்துறைமுகம் கண்முன்னே இருந்தாலும் கப்பல் எண்ணெய்க்குப் பயந்து நான் அங்கே தண்ணீர் அள்ளுவதில்லை. வெளிக்கடல் பக்கம்தான் போவேன். வாடைக் காலத்தில் மழை கொட்டி, மகாவலி கொட்டியாரக்குடாவில் கலங்கலாக வந்து விழும் நாட்களில் கரையோரக் கடலின் உப்பு குறைந்துவிடும். 'குடா' இனம் கழிமுகத்திலும் வாழ்வதால் உப்புக் குறைவை ஓரளவு தாங்கும். ஆனால் நேற்று 33, இன்று 22 என்று திடீரென மாற்றினால் எந்தப் பிராணியும் தளரும். ஹைட்ரோமீற்றர் இல்லாமல் இத்தொழிலில் இறங்க வேண்டாம்.

காற்று நோய்

கடல்குதிரைக்கே உரிய நோய் என்று சொல்லத்தக்கது இது. உடம்புக்குள் வாயுக் குமிழிகள் சேர்கின்றன. மூன்று விதமாக வரும். ஆணின் பையில் காற்று நிறைந்து வால் மேலெழும்பி மிதப்பது ஒன்று. வாலிலும் மூக்கிலும் தோலுக்கடியில் பளிச்சென்ற கொப்புளங்கள் தோன்றுவது இரண்டாவது. வெளியே எதுவும் தெரியாமல், உள்ளே காற்றுப்பை ஊதி, நிமிர்ந்தபடியே கீழே இறங்க முடியாமல் தத்தளிப்பது மூன்றாவது.

முதலாவதைத்தான் எங்கள் ஆட்கள் கர்ப்பம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன். குஞ்சு சுமக்கும் ஆண் கனத்துப்போய்க் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும். மிதக்காது. காற்று நிறைந்த ஆண் கீழே போக முயன்று முயன்று களைக்கும். அறையை இருட்டாக்கி, பையின் பின்னால் கைவிளக்கைப் பிடித்தால் காற்று மட்டும் உள்ள பை வெளிச்சத்தை விடும். குஞ்சுள்ள பை அடைத்துத் தெரியும்.

காரணம் ஒன்றல்ல. பம்ப்பின் உறிஞ்சு குழாய் இணைப்பில் சிறு ஓட்டை இருந்தால் அது காற்றையும் சேர்த்து உறிஞ்சி, அழுத்தத்தில் தண்ணீருக்குள் கரைத்துவிடும். கண்ணாடியின் உட்புறத்தில் சோடாவில்போல் நுண்குமிழிகள் ஒட்டியிருந்தால் முதலில் குழாயைப் பாருங்கள். பேறுக்குப் பிறகு பைக்குள் எஞ்சியவை அழுகி வாயு உண்டாவதும் உண்டு. ஆழமில்லாத தொட்டியிலும் இது அதிகம் என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். தொட்டி ஒன்றரை அடிக்குக் குறையாத உயரமாக இருப்பது நல்லது.

பைக் காற்றை வெளியேற்றுவது கையால் செய்யும் வேலை. குதிரையைத் தண்ணீருக்குள்ளேயே நிமிர்த்திப் பிடித்து, ஊசி அகற்றிய, முனை மழுங்கிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயைப் பையின் வாயில் மிக மெதுவாகச் சிறிதளவே செலுத்தி, பையைக் கீழிருந்து மேலாகத் தடவினால் குமிழிகள் வரும். வேகம் காட்டினால் பை கிழியும். முதல் தடவை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். என் கை அன்று நடுங்கியது நடுக்கம்தான்.

காற்றை எடுத்தும் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது மற்ற இரண்டு விதமாக இருந்தால், உலகெங்கும் கடல்குதிரை வளர்ப்போர் பயன்படுத்துவது அசெற்றசோலமைட் என்ற மருந்து. கண் அழுத்த நோயாளிகளுக்கு டயமொக்ஸ் என்ற பெயரில் கொடுக்கும் அதே குளிசை. தனித்தொட்டியில் ஏறத்தாழ 38 லீற்றர் தண்ணீருக்கு 250 மில்லிகிராம் குளிசை ஒன்றைத் தூளாக்கிக் கரைத்து, ஒவ்வொரு நாளும் தண்ணீரை மாற்றி மீண்டும் கரைத்து, சில நாட்கள் வைத்திருப்பது வழக்கம். பசியைக் குறைக்கும் குணம் இதற்கு உண்டு. ஆகவே எத்தனை நாள் என்பதை வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள். துண்டு இல்லாமல் வாங்கும் குளிசையும் அல்ல. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு இருந்த நேரம், இதைக் கேட்க ஒரு பாமஸிக்குப் போனேன். எனக்கு முன்னால் கண் கிளினிக் துண்டோடு ஒரு வயதான உம்மா நின்றார். அவருக்கே இல்லை என்றார்கள். குதிரைக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அந்தக் குதிரை இரண்டு நாளில் செத்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, குற்ற உணர்வு இல்லை.

வெளுத்த வால்

வால் நுனி வெளுத்து, தோல் உரிந்து, சில வேளை எலும்பு தெரியும்வரை அரிக்கும். உடம்பில் சிவந்த புள்ளிகள், புண், வயிற்று வீக்கம். தின்பது நின்றால் சில நாட்களில் முடிந்துவிடும். பெரும்பாலும் இதன் பின்னால் இருப்பது விப்ரியோ என்ற பற்றீரியாக் குடும்பம். 2004இல் பிலிப்பைன்ஸில் உள்ள தென்கிழக்காசிய மீன்வள அபிவிருத்தி நிலையத்தின் நீர்வேளாண்மைப் பிரிவிலிருந்து, நாம் வளர்க்கும் இதே 'குடா' இனத்தில் விப்ரியோ ஹார்வேயி நோய் அறிக்கையிடப்பட்டது. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் இரவில் தண்ணீரை ஒளிரச் செய்து குஞ்சுகளை அழிக்கும் கிருமி அதுவே. இறால் தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும்.

விப்ரியோ வெளியிலிருந்து வரும் அந்நியன் அல்ல. கடல்நீரில் எப்போதும் இருப்பது. சூடும் அழுக்கும் கூடினால் பெருகும், குதிரை தளர்ந்தால் தாக்கும். இங்கே ஒரு கேள்வி வரும். எங்கள் கடலே 28 பாகை செல்சியஸ். அதில் சுகமாக வாழும் பிராணியைத் தொட்டியில் 23, 24 பாகையில் வைக்கச் சொல்கிறார்களே, இது என்ன நியாயம்? எனக்கும் இது நெடுநாள் விளங்கவில்லை. கடலில் ஒரு குதிரையைச் சுற்றி எல்லையில்லாத் தண்ணீர் ஓடுகிறது. கிருமி ஓரிடத்தில் குவிவதில்லை. தொட்டியில் எச்சமும் மிஞ்சிய இறாலும் நூறு லீற்றருக்குள் கிடந்து அழுகின்றன. அந்தச் சாறில் வெப்பமும் சேர்ந்தால் கிருமிக்கு விருந்து. கடலைச் சுத்தமாக வைத்திருப்பது அதன் அளவு. நமக்கு அந்த அளவு இல்லாததால் வெப்பத்தைக் குறைத்து ஈடுகட்டுகிறோம்.

குளிரூட்டும் இயந்திரம் எல்லோராலும் வாங்க முடியாது. நான் தகரக் கூரையின்மேல் கிடுகு வேய்ந்தேன். தண்ணீரின் மேற்பரப்பில் படுமாறு சிறு மின்விசிறிகள் பூட்டினேன். கச்சான் காலத்து மத்தியானத்திலும் மூன்று பாகை குறைந்தது. ஆவியாகும் அளவுக்கு நன்னீர் ஊற்ற வேண்டும், கடல்நீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உணவு போட்ட அரை மணித்தியாலத்தில் மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுப்பது இதைவிடப் பெரிய மருந்து.

வந்துவிட்ட நோய்க்கு உடனே தனித்தொட்டி. மணல் வேண்டாம். பிடித்துக்கொள்ளப் பிளாஸ்டிக் சங்கிலியோ கயிறோ போதும். எந்த அன்டிபயோட்டிக் என்பதை ஊகத்தில் தீர்மானிக்காதீர்கள். புண்ணிலிருந்து மாதிரி எடுத்து, கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்க்கும் சோதனை உண்டு. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் மீன் நோய்களில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பிரதேச மிருக வைத்தியர் மூலம் தொடர்பு கொள்ளலாம். செத்து ஒரு நாள் கிடந்த உடல் சோதனைக்கு உதவாது. இப்போதுதான் செத்தது, அல்லது சாகும் நிலையில் உள்ளது வேண்டும். குதிரை இன்னும் தின்கிறதென்றால் உயிருள்ள ஆர்ட்டீமியாவை மருந்துத் தண்ணீரில் சிறிது நேரம் விட்டு, அதைத் தின்னக் கொடுப்பது தண்ணீரில் மருந்து கரைப்பதைவிடப் பயன் தரும். தின்பது நிற்பதற்கு முன் நோயைப் பிடிக்க வேண்டும் என்று மேலே வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

தொற்றிக்கொள்பவை

மூச்சு வேகம், சொறிதல், தோலில் தூள் தூவியதுபோல் மங்கல், அல்லது வெள்ளைப் புள்ளி. இவை ஒட்டுண்ணியின் அடையாளங்கள். எந்த ஒட்டுண்ணி என்று நிச்சயமாகச் சொல்ல நுணுக்குக்காட்டி வேண்டும். அதுவரை கைக்கெட்டிய முதலுதவி நன்னீர்க் குளிப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை. குழாய்த் தண்ணீரானால் குளோரினை நீக்க வேண்டும். தொட்டித் தண்ணீரின் வெப்பத்துக்கே கொண்டுவந்து, அப்பச் சோடா சிறிது கரைத்து காரத்தன்மையையும் சமப்படுத்தி, முன்கூட்டியே காற்று விட்டு, குதிரையை 5 முதல் 10 நிமிடத்துக்கு மேற்படாமல் அதில் விடுங்கள். உப்பு மாற்றத்தைக் குதிரை சிறிது நேரம் தாங்கும். உடம்பின் மேல் உள்ள பல ஒட்டுண்ணிகள் வெடித்துவிடும். கண்ணை எடுக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். துடித்தால், தளர்ந்தால் நேரம் முடியாவிட்டாலும் எடுத்துவிடுங்கள்.

போமலின் பயன்படுத்துவோரும் உண்டு. நீண்ட குளிப்புக்கு 40 லீற்றருக்கு ஒரு மில்லிலீற்றர் என்பது வழக்கமான அளவு. அது தண்ணீரின் ஒட்சிசனைக் குறைக்கும். வெள்ளையாகப் படிவு கண்ட போமலின் நஞ்சு, தொடவே கூடாது. மனிதனின் சுவாசத்துக்கும் கேடு. நான் வைத்தியர் சொன்னால் தவிரத் தொடுவதில்லை. செப்பு மருந்துகளையும் மற்ற மீன்களுக்குப் போடும் அளவில் இதற்குப் போட வேண்டாம்.

ஒட்டுண்ணி எப்படி உள்ளே வருகிறது? என் கொட்டிலில் இரண்டு தடவை வந்தது கூனியோடு. தம்பலகாமம் குடாப் பக்கம் அள்ளிய உயிர்க் கூனியைக் கொடுத்தால் குதிரைகள் ஆசையாகத் தின்னும். அதோடு குடாவின் ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும். இப்போது உறைய வைத்த மைசிஸ் சிற்றிறாலைப் பழக்கி வைத்திருக்கிறேன். உயிர் இரை கொடுப்பதானால் நன்னீரில் அலசித்தான்.

மருந்தில்லாத ஒன்று

நன்றாகத் தின்கிறது, ஆனாலும் மெலிகிறது. மாதக்கணக்கில் இழுக்கிறது. ஆறாத புண். இது மைக்கோபற்றீரியம் என்ற, மனிதக் காசநோய்க் கிருமிக்கு உறவான கிருமியாக இருக்கலாம். தொட்டியில் இதைக் குணப்படுத்துவது நடைமுறையில் இல்லை. சோதனையில் உறுதியானால் வேதனையில்லாமல் முடித்துவிட்டு, தொட்டியை வெறுமையாக்கிக் கழுவிக் காயவைப்பதே வழி. இக்கிருமி வெட்டுக் காயத்தின் வழியாக மனிதனுக்கும் தொற்றும். என்னிடம் வேலை செய்த தம்பி ஒருவரின் விரலில் சிறு கட்டியொன்று வந்து, புண்ணாகி, இரண்டு மாதம் ஆறவில்லை. எறும்புக் கடி என்றோம், ஆணி குத்தியது என்றோம். மீன் தொட்டியில் கைவைப்பவர் என்று வைத்தியரிடம் சொன்ன பிறகுதான் சரியான சோதனை நடந்தது. மாதக்கணக்கில் மருந்து எடுத்துச் சுகமானார், அல்ஹம்துலில்லாஹ். மருந்துச் செலவும் வேலை செய்யாத நாட்களின் சம்பளமும் நான் கொடுத்தேன். கொடுக்கத்தானே வேண்டும், கையுறை வாங்கிக் கொடுக்காதவன் நான். இப்போது முழங்கைவரை கையுறை இல்லாமல் யாரையும் தொட்டியில் கைவைக்க விடுவதில்லை. தொட்டிக்கொரு வலை, வாளியும் தனித்தனி.

வாங்கும்போதும் விற்கும்போதும்

புதிதாக வரும் எந்தக் குதிரையும் ஆறு வாரம் தனித்தொட்டியில். இதுதான் எல்லா மருந்தையும்விட மலிவு. ஆறு வாரத்து இரையும் மின்சாரமும் கூலியும் விலையில் சேர்ந்துதான் கணக்கு வர வேண்டும். சேர்க்காமல் மலிவாக விற்பவன் தன் நட்டத்தை வாங்குபவன் தலையில் வைக்கிறான்.

நானும் ஒரு தடவை வைத்தேன். 2023இல் கொழும்பு வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆறு குதிரைகள் அனுப்பும் நாள். ஒன்று மூச்சு வேகமாக விடுவதைக் காலையிலேயே கண்டேன். வாகனம் வாசலில் நிற்கிறது, பணம் வந்துவிட்டது. பயணக் களைப்பு என்று எனக்கு நானே சொல்லி, பையில் ஒட்சிசன் நிரப்பிக் கட்டிவிட்டேன். இன்னும் பயணமே தொடங்காத குதிரைக்கு என்ன பயணக் களைப்பு? நான்காம் நாள் அவர் அழைத்தார். ஆறும் மட்டுமல்ல, அவருடைய தொட்டியில் முன்பிருந்த சோடியும் போய்விட்டது. "நானா, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். ஆறின் பணத்தையும் அந்தச் சோடியின் விலையையும் அனுப்பினேன். குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று வாப்பா கடையில் இருத்திப் படிப்பித்த முதற்பாடத்தை ஐம்பது வயதில் ஒரு மீனிடம் திரும்பப் படித்தேன். அவர் இன்றும் என்னிடம்தான் வாங்குகிறார். ஆனால் இப்போதெல்லாம் குதிரை தின்னும் காணொளியை முதலில் கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்புவார். கேட்கட்டும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் எல்லாக் கடல்குதிரை இனங்களும் 2002இல் சேர்க்கப்பட்டு, 2004 மே மாதம் முதல் அது நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரமின்றி ஒன்றைக்கூட நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. இந்தியாவில் 2001 முதல் பிடிப்பதும் விற்பதும் தடை. ஆகவே இராமநாதபுரம் பக்கமிருந்து வரும் எந்தச் சரக்கையும் தொடாதீர்கள். இங்கே தொழில் தொடங்குவதானால் கடற்றொழில் திணைக்களத்திலும், நீர்வேளாண்மை அபிவிருத்தி அதிகாரசபையான நக்டாவிலும், ஏற்றுமதியானால் வனஜீவராசிகள் திணைக்களத்திலும் முதலில் விசாரியுங்கள்.

கரைவலைக்காரர் சிலர் வாளியில் ஒன்றிரண்டைக் கொண்டுவந்து ஓர்ஸ் ஹில் ஏறுவார்கள். நான் வாங்குவதில்லை. வலையில் சிராய்த்த தோல், உடம்பில் கடலின் ஒட்டுண்ணி, செத்த இறாலைத் திரும்பியும் பார்க்காது. பத்தில் ஒன்று பிழைத்தால் பெரிது. "உயிரோடிருக்கும்போதே கடற்புல் உள்ள இடத்தில் விட்டுவிடுங்கள் காக்கா" என்று சொல்லி, ஏறி வந்த களைப்புக்குத் தேநீர் கொடுத்து அனுப்புவேன். விடுகிறார்களா, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகிறார்களா, அறியேன்.

இதை எழுதும் இப்போது தனித்தொட்டியில் ஒரு ஆண் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை வால் மேலே வந்து மிதந்தது. இரண்டு தடவை காற்றை எடுத்தேன், மூன்றாம் நாள் திரும்ப மிதந்தது. குழாய் இணைப்பைக் கழற்றிப் பார்த்தால் இறப்பர் வளையம் வெடித்திருந்தது. மாற்றிவிட்டேன். வைத்தியரிடம் துண்டு வாங்கி நேற்றிலிருந்து டயமொக்ஸ் போடுகிறேன். இன்று காலையில் கீழே இறங்கிச் சங்கிலியைப் பிடித்து நின்றது. மூன்று இறால் போட்டேன், இரண்டைத் தின்றது.